கீர்த்தி சுரேஷ், 'தசரா', நிலக்கரி ஊர்க் காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தசரா' பேச்சு வந்தாலே நண்பர்களிடமிருந்து அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதை முழுவதும் இதில் உடைந்துவிடும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

முதலில், இது என்ன படம்? கதை என்ன?

2023 மார்ச் 30 அன்று வெளியான தெலுங்குப் படம். அன்றே தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி டப்பிங்கும் வந்தன. இயக்குநர் ஸ்ரீகாந்த் ஓதெலாவுக்கு இது முதல் படம், அதற்கு முன் சுகுமாரிடம் உதவியாளராக இருந்தவர். நானி தரணியாகவும், தீக்ஷித் ஷெட்டி சூரியாகவும், கீர்த்தி சுரேஷ் வென்னெலாவாகவும் நடித்தார்கள். மூவரும் சின்ன வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்கள். தரணிக்கு வென்னெலா மேல் காதல், ஆனால் நண்பன் சூரியும் அவளைத்தான் விரும்புகிறான் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். வென்னெலாவும் சூரியைத்தான் விரும்புகிறாள். கல்யாணமும் நடக்கிறது. அன்றிரவே சூரி கொல்லப்படுகிறான். மிச்சப் படம் முழுக்க, யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள், தரணி என்ன செய்யப்போகிறான் என்பதுதான்.

நம்மூர் ஆட்களும் இதில் நிறைய. இசை சந்தோஷ் நாராயணன், ஒளிப்பதிவு 'கைதி', 'மாஸ்டர்' படங்களுக்குக் கேமரா பிடித்த சத்யன் சூரியன், முக்கியமான வேடத்தில் சமுத்திரக்கனி.

சுரங்கத் தொழிலாளர் படம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கதை நடப்பது நிலக்கரி மண்ணில்தான், ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்பவனின் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். தரணியும் சூரியும் நிலக்கரி வெட்டுபவர்கள் இல்லை, ஓடுகிற சரக்கு ரயிலில் ஏறி நிலக்கரியைத் தள்ளிவிட்டுத் திருடுபவர்கள். ஷிப்டு, சங்கம், கூலி, விபத்து, நுரையீரல் நோய் என்று ஒரு சுரங்க ஊரில் அன்றாடம் பேசப்படுகிற எதுவும் இந்தப் படத்தில் பெரிதாக வருவதில்லை. நிலக்கரி இதில் நிறமாக இருக்கிறது, தூசியாக இருக்கிறது, முகத்தில் அப்பிக்கொள்கிறது. தொழிலாக இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த ஊர்களின் நிஜக் கதை சாதாரணமானது இல்லை.

அந்த நிஜக் கதை என்ன?

படத்தின் வீரலப்பள்ளி கோதாவரிகனிக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கதை. கோதாவரிகனி இப்போது தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் இருக்கிறது. பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது பாருங்கள், 'கனி' என்றால் சுரங்கம், நாம் சொல்லும் கனிமத்துக்கும் அதே வேர்தான். இந்தப் பக்கம் முழுக்க சிங்கரேணி நிலக்கரி நிறுவனத்தின் ராஜ்ஜியம். 1871-ல் இல்லெந்து பக்கம் நிலவியல் துறையைச் சேர்ந்த கிங் என்பவர் நிலக்கரி இருப்பதைக் கண்டுபிடித்தார், 1880-களின் பிற்பகுதியில் வெட்டத் தொடங்கினார்கள், 1920-ல் சிங்கரேணி என்ற பெயரில் நிறுவனமானது, 1945-ல் நிஜாம் அரசு அதை வாங்கியது. இன்றைக்கு மாநில அரசுக்கு 51 சதவீதம், மத்திய அரசுக்கு 49 சதவீதம். 2023-24-ல் ஏறத்தாழ 7 கோடி டன் வெட்டியிருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இப்போது நாற்பதாயிரம் பக்கம் வந்துவிட்டது. ஆனால் வெட்டும் அளவு குறையவில்லை, கூடியிருக்கிறது. காரணம் சிக்கலானது இல்லை. பூமிக்கடியில் குடைந்து போகிற சுரங்கங்கள் குறைந்து, மேல்மண்ணை அப்படியே வாரிக் கொட்டிவிட்டுப் பள்ளமாகத் தோண்டுகிற ஓப்பன்காஸ்ட் சுரங்கங்கள் வந்துவிட்டன. அதற்கு ஆள் குறைவு, எந்திரம் அதிகம். வாரிக் கொட்டிய மண் ஊருக்குப் பக்கத்தில் மலை மாதிரி நிற்கும். வேலை கிடைக்காத பையன்கள் ரயிலில் ஏறி நிலக்கரி திருடுவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள், அது சும்மா ஹீரோ அறிமுகத்துக்கு வைத்த சாகசமாகத் தெரியாது. படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படத்துக்கு ஏன் 'தசரா' என்று பெயர்?

கணக்குத் தீர்க்கும் நாள் தசரா, அதனால். ராவண தகனம் இல்லாமல் அங்கே தசரா கிடையாது. வன்னி இலையைப் பறித்துத் 'தங்கம்' என்று சொல்லிக் கையில் கொடுத்துக் கட்டிப்பிடிப்பார்கள், பனங்காடையைப் பார்த்தால் நல்லது என்று வயல்பக்கம் தேடிப் போவார்கள். சிங்கரேணி ஊர்களில் இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொள்கிறது, நிறுவனத்தின் லாபத்தில் தொழிலாளர் பங்கை வருடாவருடம் தசராவை ஒட்டித்தான் அறிவிப்பார்கள். ஊரே கையில் காசோடு இருக்கும் பண்டிகை அது.

எல்லாரும் எந்நேரமும் குடித்துக்கொண்டே இருக்கிறார்களே, கொஞ்சம் ஓவர் இல்லையா?

ஓவர்தான். ஆனால் குடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள், அது தெலங்கானாவும் சேர்ந்திருந்த அன்றைய ஆந்திரா முழுக்கப் பரவியது. என்.டி.ராமாராவ் மதுவிலக்கு வாக்குறுதி கொடுத்து ஜெயித்து வந்து 1995 ஜனவரியில் அமல்படுத்தினார், 1997-ல் அது தளர்த்தப்பட்டது. படத்தின் முன்கதை இந்த மதுவிலக்குக் காலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊரின் நடுவே நிற்கிற சில்க் பார்தான் ஊரின் அதிகார மையம், அதற்குள் யார் போகலாம் யார் போகக்கூடாது என்பதில் சாதி இருக்கிறது, அங்கே கேஷியர் வேலை கிடைப்பது ஊரில் பெரிய கௌரவம். ஒரு சாராயக் கடையை வைத்து ஒரு ஊரின் சாதி, தேர்தல், வேலையின்மை எல்லாவற்றையும் காட்டியதில் இயக்குநருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரே குறை, அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் பெண்கள், படத்தில் பெண்கள் அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லாமல் ஓரமாக நிற்கிறார்கள்.

கீர்த்தி சுரேஷ் எப்படி சினிமாவுக்கு வந்தார்?

வீட்டிலேயே சினிமா. அப்பா சுரேஷ் குமார் மலையாளத் தயாரிப்பாளர், அம்மா மேனகாவை 'நெற்றிக்கண்' பார்த்தவர்களுக்குத் தெரியும். கீர்த்தி 2000-களின் தொடக்கத்தில் மலையாளத்தில் குழந்தை நட்சத்திரமாகச் சில படங்கள் செய்தார், சென்னையில் ஃபேஷன் டிசைன் படித்தார், 2013-ல் பிரியதர்ஷனின் 'கீதாஞ்சலி'யில் இரட்டை வேடத்தில் கதாநாயகி ஆனார். தமிழில் முதல் படம் 2015-ல் வந்த 'இது என்ன மாயம்', யாருக்கும் நினைவில்லை. திருப்பம் 2016 ஜனவரிதான். ஒன்றாம் தேதி தெலுங்கில் 'நேனு சைலஜா', பொங்கலுக்குத் தமிழில் 'ரஜினி முருகன்'. இரண்டே வாரத்தில் இரண்டு மொழியில் இரண்டு ஹிட். அந்த வருடமே 'ரெமோ', அடுத்த வருடம் விஜய்யுடன் 'பைரவா', நானியுடன் 'நேனு லோக்கல்'. அதாவது 'தசரா' இவர்கள் ஜோடியாக நடித்த இரண்டாவது படம், முதல் படத்தில் இருந்த அந்த விளையாட்டு ஜோடியை இதில் அடையாளமே தெரியாது.

அப்போதெல்லாம் இவர் மீது ஒரு ஏளனம் இருந்தது நினைவிருக்கும், முகபாவனையை வைத்து மீம் போட்டார்கள். நானும் சிரித்தவன்தான், மறைக்க வேண்டியதில்லை.

'நடிகையர் திலகம்' எவ்வளவு பெரிய மாற்றம்?

மீம் போட்டவர்களின் வாயை அடைத்த படம். 2018 மே மாதம் தெலுங்கில் 'மகாநடி' என்றும் தமிழில் 'நடிகையர் திலகம்' என்றும் வந்தது, நாக் அஸ்வின் இயக்கம். சாவித்திரியாக நடித்ததற்கு 66-வது தேசிய விருதில் சிறந்த நடிகை. தெலுங்குப் படத்துக்காக அந்த விருதை வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு, 'தாசி' படத்துக்கு வாங்கிய அர்ச்சனா அதில் ஒருவர். நம்ம 'வீடு' அர்ச்சனாதான். 'தாசி'யும் தெலங்கானா மண்ணின் கதை என்பது ஒரு சுவாரசியம்.

தேசிய விருதுக்குப் பிறகு ஏன் இவ்வளவு சறுக்கல்?

விருது வந்ததும் தமிழ், தெலுங்கு சினிமா ஒரு நடிகைக்கு இரண்டு வழிதான் வைத்திருக்கிறது. ஒன்று, பெரிய ஹீரோ படத்தில் நான்கு பாட்டு. இன்னொன்று, 'பெண் மையப் படம்' என்ற பெயரில் அவசரமாகச் செய்யப்பட்ட படம். இவருக்கு இரண்டும் நடந்தன. 'பென்குயின்', 'மிஸ் இந்தியா', 'குட் லக் சகி' மூன்றும் இவரை நம்பி எடுக்கப்பட்டவை, மூன்றிலும் எழுத்து இவருக்குத் தோள் கொடுக்கவில்லை. 'பென்குயின்' முதல் பாதியில் ஏதோ இருந்தது, முடிவில் போய்விட்டது. 'அண்ணாத்த'யில் ரஜினிக்குத் தங்கை, இரண்டு வருடத்துக்குள் தெலுங்கில் சிரஞ்சீவிக்குத் தங்கை.

நடுவில் 2022 மே மாதம் ஓடிடியில் நேரடியாக வந்த 'சாணிக் காயிதம்' இருக்கிறது. அருண் மாதேஸ்வரன் படம், செல்வராகவனுடன். எல்லாரும் பார்க்கக்கூடிய படம் இல்லை, ரத்தம் தாங்காதவர்கள் கிட்டவே போக வேண்டாம். ஆனால் சிரிப்பும் குறும்பும் இல்லாமலும் இவரால் ஒரு படத்தை இழுத்துக்கொண்டு போக முடியும் என்று அதில் தெரிந்தது. 'தசரா'வுக்கு அது ஒத்திகை மாதிரி என்று எனக்குத் தோன்றும். அதில் அத்தனையும் கோபம், வெளியே வந்துவிடுகிறது. இதில் வெளியே விட வழியே இல்லை.

வென்னெலா பாத்திரத்தில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பாலும் அழத்தானே செய்கிறார்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், இதற்கு நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

எழுதப்பட்ட அளவில் வென்னெலாவுக்கு ரொம்பக் குறைவாகவே இருக்கிறது. அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், ஒருவனைக் காதலிக்கிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், இழக்கிறாள். ஆனால் கதையைத் தள்ளி நின்று பார்த்தால், அவள் வாழ்க்கையின் எல்லா முடிவையும் அவளுக்குத் தெரியாமல் வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள். தரணி சின்ன வயதிலிருந்து காதலிக்கிறான், அவளிடம் சொல்வதில்லை. நண்பனுக்காக விட்டுக்கொடுக்கிறான், அதையும் அவளிடம் சொல்வதில்லை. விட்டுக்கொடுக்க அவள் என்ன அவன் சொத்தா என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் அந்தக் கொலைக்குக் காரணமே ஒருவன் அவள் மேல் வைத்த கண்தான் என்று தெரிகிறது, அதுவும் அவளுக்குத் தெரியாது. மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைச் சுற்றி மூன்று தீர்மானம் எடுக்கிறார்கள், அவளிடம் கேட்டவன் சூரி ஒருத்தன்தான், அவனும் போய்விடுகிறான்.

கீர்த்தி இதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார் என்பதுதான் என் வாதம். கல்யாண ஊர்வலத்தில் அவர் ஆடுகிற ஆட்டத்தைப் பாருங்கள், மணப்பெண் என்ற அடக்கம் எதுவும் இல்லாமல், கால் தரையில் நிற்காமல், தெருவே தனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆடுவார். அந்தத் துண்டு தனியாக இணையத்தில் பரவியது, பலர் அதை வெறும் குத்தாட்டமாகத்தான் பார்த்தார்கள். படத்தில் அது இருக்கும் இடம் வேறு. அவள் வாழ்க்கையில் அவளே தேர்ந்தெடுத்த ஒரே விஷயம் நடந்தேறிய நாள் அது. மஞ்சள் காய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்து வரும் காட்சிகளைப் பார்த்தால், அவர் அழுவதைவிட அழாமல் வெறித்துப் பார்க்கிற இடங்கள்தான் தொந்தரவு செய்யும்.

சூரியின் காரியத்தில் தரணி தாலி கட்டும் காட்சியை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஏற்றுக்கொள்ள வேண்டாம்! வளையல் உடைத்து அவளை விதவையாக்கும் சடங்கு நடக்கும்போது தரணி குறுக்கே புகுந்து தாலி கட்டிவிடுகிறான். தியேட்டரில் கைதட்டினார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கொடுமையான சடங்கிலிருந்து காப்பாற்றுகிறான் என்று படம் நினைக்கிறது. காப்பாற்றுவதும் கேட்காமல்தான். பறிக்கிற கையும் கட்டுகிற கையும் வேறு வேறு, நடுவில் இருக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மட்டும் மாறவே இல்லை.

ஆனால் படம் அதை அப்படியே இனிப்பாக முடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வென்னெலா உடனே மனம் மாறி அவன் தோளில் சாய்ந்துவிடவில்லை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவனைப் பார்க்கவே மறுக்கிறாள். அந்த வீட்டுக் காட்சிகளில் வசனம் குறைவு, இருவரும் நன்றாக நடித்திருப்பார்கள். இயக்குநருக்குத் தைரியம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் இரண்டாம் பாதியை அவள் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கலாம். பழிவாங்கும் கதை தரணியுடையது என்று ஆனதும் கேமரா அவளை விட்டுப் போய்விடுகிறது.

முகத்தில் கறுப்பு பூசி நடித்தது சரியா?

சரியில்லை. நிலக்கரித் தூசி படிந்த முகம் என்பது ஒன்று, தோலின் நிறத்தையே மாற்றுவது இன்னொன்று. நானிக்கும் பூசியிருக்கிறார்கள், கீர்த்திக்கும் பூசியிருக்கிறார்கள். உழைக்கிற ஊர் என்றாலே நடிகரைக் கறுப்பாக்குவது தமிழிலும் தெலுங்கிலும் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம், அதே நிறத்தில் பிறந்த ஒரு பெண்ணைக் கதாநாயகியாகப் போட மட்டும் மனம் வராது. இந்தப் படத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்றாலும், இதைக் குறிப்பிடாமல் நடிப்பை மட்டும் புகழ்வதும் நியாயமில்லை.

தெலங்கானா பேச்சை ஒழுங்காகப் பேசினாரா?

கடற்கரை ஆந்திரப் பேச்சில் 'அலா, இலா' என்பது தெலங்கானாவில் 'கட்ல, கிட்ல' ஆகிவிடும். உருதுச் சொற்கள் சரளமாக வந்து விழும். நம்மூரில் சென்னைப் பேச்சைக் காமெடிக்கு மட்டும் பயன்படுத்திய மாதிரி, தெலுங்கு சினிமா இந்தப் பேச்சை ரொம்பக் காலம் அடியாளுக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கி வைத்திருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. மலையாளமும் தமிழும் பேசி வளர்ந்த கீர்த்தி தெலுங்கில் தானே டப்பிங் பேசியிருக்கிறார். என் தெலுங்கு ஓரளவுதான், ஆனால் கரீம்நகர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் 'சில இடத்தில் பிசிறு இருக்கு, ஆனா உறுத்தலை' என்றார். போதும்.

விருது ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. 69-வது தென்னிந்திய ஃபிலிம்ஃபேரில் தெலுங்கில் சிறந்த நடிகர் நானி, சிறந்த நடிகை கீர்த்தி, இருவருமே இந்தப் படத்துக்கு.

அதன் பிறகு என்ன செய்தார்?

மூன்று மாதத்தில் 'மாமன்னன்' வந்தது, மாரி செல்வராஜ் படத்தில் லீலா. நல்ல படம், அவருக்கு வேலை குறைவு. 2024-ல் 'சைரன்', ஆகஸ்ட் 15 அன்று 'ரகு தாத்தா'. இந்தித் திணிப்பை எதிர்க்கிற பெண்ணாக நடித்த 'ரகு தாத்தா'வுக்குத் தியேட்டரில் கூட்டம் இல்லை, எனக்குப் பிடித்திருந்தது, அதில் நகைச்சுவை நேரம் பிசகாமல் வந்திருக்கும். டிசம்பரில் கோவாவில் கல்யாணம், அதே மாதம் 25 அன்று இந்தியில் முதல் படம் 'பேபி ஜான்', அதாவது நம்ம 'தெறி'யின் ரீமேக். படம் ஓடவில்லை. இந்தித் திணிப்பு எதிர்ப்புப் படத்துக்கு நான்கு மாதம் கழித்து இந்திப் படம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு, திணிப்பு வேறு மொழி வேறு என்று படத்திலேயே சொல்லிவிட்டார்கள், அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை போல.

நிலக்கரிச் சுரங்கத்தை வைத்து வேறு படம் ஏதாவது?

சுரங்கத்துக்குள்ளேயே நடக்கிற கதை வேண்டும் என்றால் 1979-ல் வந்த 'காலா பத்தர்'. யஷ் சோப்ரா இயக்கம், அமிதாப், சசி கபூர், சத்ருகன் சின்கா. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதன் பாதிப்பில் உருவான படம். அதிலும் காதல் உண்டு, ஒன்றுக்கு மூன்று ஜோடி. ராக்கி அதில் டாக்டர். வென்னெலாவைவிட அவருக்குப் பேச நிறைய வசனம் கொடுத்திருப்பார்கள் என்பதைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, தெலுங்கிலேயே பார்க்கலாமா?

தெலுங்கில் பாருங்கள், நெட்ஃபிளிக்ஸில் சப்டைட்டிலோடு இருக்கிறது. நான் முதலில் தியேட்டரில் தமிழில்தான் பார்த்தேன், கதை புரிந்தது, ஊர் புரியவில்லை. அப்புறம் பாட்டும் தெலுங்கில் கேட்டால்தான் சுகம், 'சம்கீலா அங்கிலேசி' பாட்டில் குடிகாரப் புருஷனைப் பற்றி மனைவி புலம்புகிற தொனி தமிழுக்கு வரும்போது பாதி கழன்றுவிடுகிறது. அந்தப் பாட்டில் பெண் குரல் நம்ம பாடகி தீ. வென்னெலா வாயைத் திறந்து நான்கு வார்த்தை திட்டுகிற அபூர்வமான இடம் அது, தவறவிடாதீர்கள்.